சி பாரமும் ஒரு தபால் கார்டும்

எண்பதுகளில் பாலக்கோட்டில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. கடை என்று பெயர்தானே தவிர, வாசலில் வந்து நின்று யாரும் சாமான் வாங்க மாட்டார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேரின் முகத்தை நாங்கள் பார்த்ததே கிடையாது. வாரப் பத்திரிகைகளின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு விளம்பரம் போடுவோம்: மலைச் சீயக்காய்த் தூள், தபாலில் பெறலாம். அதைப் பார்த்து எங்கிருந்தெல்லாமோ கடிதம் வரும். நாங்கள் பார்சல் கட்டி வி.பி.பி.யில் அனுப்புவோம். அவர்கள் தபால்காரரிடம் பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்வார்கள்.

வத்தல்மலைக்காரர்கள் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கொண்டு வருவார்கள். வாங்குவது, காயப் போடுவது, அரைப்பது எல்லாம் என் வீட்டுக்காரர் வேலை. கடிதம், பார்சல், வரி மூன்றும் என் வேலை. நான் பி.காம். படித்தவள் என்பதால் கல்யாணமான மறு மாதமே வரிக் கணக்கு என் தலையில் வந்து விழுந்தது. படித்தபோது இப்படி ஒரு தண்டனை இருக்கிறது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

சீயக்காய் ஒன்றுதான். தூள் ஒன்றுதான். ஆனால் விலைப் பட்டியலில் நான் நாலு கட்டம் போட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்குள் வாங்கினால் இங்கத்திய வரி. வேறு மாநிலத்தில் இருக்கிற பதிவு செய்த கடைக்காரர் வாங்கி, அதற்கு அத்தாட்சியாக அவர் ஊர் அரசாங்கம் கொடுத்த 'சி பாரம்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நூற்றுக்கு நாலு. அந்தத் தாள் இல்லையென்றால், அல்லது வாங்குபவர் சாதாரணக் குடும்பத்துக்காரர் என்றால், நூற்றுக்குப் பத்து. கடல் தாண்டிப் போனால் வரியே இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? வரி இல்லை என்பதை நிரூபிப்பதற்குத்தான் அதிகம் அலைய வேண்டும்.

சிங்கப்பூரில் ஓர் அம்மாள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாலு பொட்டலம் வாங்குவார். அந்த நாலு பொட்டலத்துக்குத் தபாலாபீசில் சுங்கத்துக்கென்று ஒரு தாள் எழுதி ஒட்டி, ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்தி வைப்பேன். ஆனாலும் தருமபுரி சேல்ஸ் டாக்ஸ் ஆபீசில், "இது சிங்கப்பூருக்குத்தான் போச்சுங்கறதுக்கு என்னம்மா ருசு?" என்பார்கள். தலைக்குத் தேய்த்துக் குளித்துவிட்டு அந்த அம்மாளே வந்து சாட்சி சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் ஃபைல் அடியில் போய்விட்டது. சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பாலக்காட்டிலிருந்து ஒருவர் எழுதினார்: சேலத்தில் இருக்கும் என் தங்கைக்குக் குறைந்த விலை, எனக்கு மட்டும் ஏன் கூடுதல், நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று. 'நீங்கள் செய்த பாவம் வாளையார் செக்போஸ்டைத் தாண்டிக் குடியிருப்பது' என்று பதில் எழுதினேன். என் வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் கிழித்துப் போட்டுவிட்டார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். எழுதுகோல் கையில் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். இது என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம்தான், ஒரு காலத்தில்.

பொட்டல வியாபாரத்தில் செலவுதான் ஈடாகும். எங்களை வாழ வைத்தவர் பெங்களூரில் கடை வைத்திருந்த ஒருவர். மாதம் தவறாமல் மூட்டை மூட்டையாக எடுப்பார். ஓசூர்ப் பக்கம் பிறந்தவர், தமிழ்ப் பள்ளியில் படித்தவர், அதனால் எங்களுடன் கடிதப் போக்குவரத்தெல்லாம் தமிழில்தான். ஒரே ஒரு தடவை பாலக்கோட்டுக்கு வந்தார். தலையில் ஒரு முடி கிடையாது. "என் மண்டையப் பாத்து எடை போடாதீங்க, என்னோட கஸ்டமருங்களுக்கெல்லாம் முடி இருக்குது" என்று சொல்லி அவரே சிரித்தார். தூளைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து ஏழெட்டுத் தும்மல் போட்டார். எங்கள் வீட்டில் களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது, "உங்க சரக்குல மண்ணு இல்லீங்க. அது போதும் எனக்கு" என்றார். அதற்குப் பிறகு ஒரு மூட்டையைக்கூட அவர் திருப்பி அனுப்பியதில்லை.

என் புகுந்த வீட்டில் பாதி கன்னடம், பாதி தமிழ். நான் தருமபுரி டவுனிலிருந்து தமிழை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவள்; பேச்சுக் கன்னடம் பிறகு ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் வருஷம் பிறப்பது உகாதியில். பழைய கணக்குப் புத்தகத்தை மூடி, புதுசுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை போட்டுத்தான் முதல் வரி எழுத வேண்டும். அதற்கு முன்னால் புதுப் புத்தகத்தைத் தொடக் கூடாது. பெங்களூர்க்காரருக்கும் அதே வழக்கம். உகாதி முடிந்த வாரம் அவரிடமிருந்து ஒரு கவர் வரும். உள்ளே அந்த வருஷத்துச் சரக்குக்கெல்லாம் சேர்த்து ஒரு சி பாரம் இருக்கும். கூடவே ஒரு காகித மடிப்பில் துளி வேப்பம்பூவும் துளி வெல்லமும். வெல்லம் உருகிப் பாரத்தின் ஓரத்தில் கறை பிடித்திருக்கும். பாரத்தை அழகாகப் பூர்த்தி செய்திருப்பது அவர் மனைவி. கையெழுத்து மட்டும்தான் அவருடையது. வரி ஆபீசில் அந்தக் கறையைப் பார்த்து, "என்னம்மா, எறும்பு மொய்க்குது" என்பார்கள். அப்போதும் பாரம் செல்லும்.

சிக்கல் இதுதான். அரசாங்கத்துக்கு உகாதி தெரியாது. அதன் வருஷம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. ஒரு சி பாரத்தில் அந்த ஒரு வருஷத்துச் சரக்கைத்தான் காட்டலாம்.

உகாதி ஒரு வருஷம் மார்ச்சில் வரும், ஒரு வருஷம் ஏப்ரலில் வரும். அந்த வருஷம் ஏப்ரலில் நன்றாகத் தள்ளி வந்தது. ஏப்ரல் முதல் வாரம் பெங்களூருக்கு ஒரு லோடு கிளம்பியது. எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

"உகாதி வரட்டும், பூசை போட்டுட்டு புதுசுல ஆரம்பிக்கலாம். இத பழசுலயே எழுதிடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"கவர்மெண்டுக்கு நேத்தே வருஷம் பொறந்துடுச்சுங்க."

"கவர்மெண்டுக்குப் பொறந்தா அது போயி மஞ்சத்தண்ணி தெளிக்கட்டும். நம்ம வூட்டுக்கு இன்னும் பொறக்கல."

சிரித்துக்கொண்டே பழைய புத்தகத்தில் எழுதினேன். மாதக் கணக்கை வரி ஆபீசில் கொடுத்தபோது அந்த லோடை ஒழுங்காக ஏப்ரலில்தான் காட்டினேன். ஆனால் சி பாரம் கேட்டுப் பெங்களூருக்குப் பில் நம்பர் பட்டியல் எழுதியபோது, எங்கள் பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்து எழுதிவிட்டேன். கடைசி வரியில் ஏப்ரல் லோடு. அங்கேயும் உகாதிக் கணக்கு என்பதால் அவர்களுக்கும் அது உறுத்தவில்லை. நான் அனுப்பிய பட்டியலை அவர் மனைவி அப்படியே எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு, பாரம் வெல்லக் கறையோடு வந்து சேர்ந்தது. நான் ஃபைலில் வைத்தேன்.

வரி ஆபீசில் அந்த வருஷத்துக் கணக்கை எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆவணி மாதம் கூப்பிட்டு அனுப்பினார்கள். அதிகாரி நல்ல மனிதர், நிதானமானவர். பாரத்தை எடுத்தார், ஓசூர் செக்போஸ்ட் முத்திரை குத்திய பில்லை எடுத்தார், இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"கடைசி பில்லு ஏப்ரல்ல இருக்குதேம்மா?"

"ஆமாங்க."

"ரெண்டு வருஷத்த ஒரே பாரத்துல காட்டியிருக்கீங்க. இது செல்லாது."

"அந்த ஒரு லோட மட்டும் தள்ளிட்டு மீதிய எடுத்துக்குங்க சார்."

"பாரம் மொத்தமும் செல்லாதும்மா. அவருகிட்ட இத திருப்பிக் குடுத்துட்டு, வருஷத்துக்கு ஒண்ணா ரெண்டு பாரம் வாங்கிட்டு வாங்க. மூணு வாரம் டைம் தரேன். இல்லன்னா பத்து பர்சென்ட் போட்டு ஆர்டர் எழுதிடுவேன்."

நாலு போட்டு விற்ற சரக்குக்குப் பத்து கட்டுவதென்றால், ஒரு வருஷம் முழுவதும் நாங்கள் சம்பாதித்தது அந்த ஆறு பர்சென்ட்டில் போய்விடும். எங்களிடம் இருந்த ஒரே சொத்து அரவை மிஷின். பேங்கில் கடன் வாங்கி, போதாததற்கு என் சங்கிலியை வைத்து வாங்கியது. வரி கட்ட வேண்டுமென்றால் மிஷினை விற்க வேண்டும். மிஷின் போனால் தூள் இல்லை. தூள் இல்லையென்றால் சிங்கப்பூரும் இல்லை, பாலக்காடும் இல்லை, நாங்கள் பழையபடி வீட்டுக்காரருடைய அண்ணன் வீட்டுக்குப் போய் அவர்கள் கை பார்த்து நிற்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து நாங்கள் கிளம்பி வந்த விதத்துக்கு, நான் திரும்பிப் போவதாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"உகாதி உகாதின்னு நீங்க குதிச்சதாலதான இவ்வளவும்?"

"நான் எந்தப் புத்தகத்துல எழுதச் சொன்னேன்னு கேக்காத. பாரத்துக்குப் பட்டியல் எழுதினது யாரு? பி.காம். படிச்சது நானா நீயா?"

தப்பு என் பக்கம் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். அப்போதுதான் அந்த மூன்றாவது ஆளைப் பிடித்தேன். "ஏன், அந்தப் பெங்களூர்க்காரருக்கு வரி தெரியாதா? கையெழுத்துப் போடறப்ப தேதியப் பாக்க வேணாமா?" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நியாயமாகத் தோன்றியது. ஒரு மணி நேரத்தில் தவறு முழுவதும் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவர் கடையில் போன் உண்டு. தபாலாபீசில் டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. யோசித்துப் பார்த்தால், அவரிடமிருந்து அந்த மாதத்துக்கு ஆர்டரும் வரவில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று ஒருத்திக்குத் தோன்ற வேண்டாமா? எனக்குத் தோன்றியது வேறு. வேறு யாரிடமோ சரக்குப் பிடித்துவிட்டார், அதனால்தான் எங்களிடம் முகம் கொடுக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

ஒரு தபால் கார்டை எடுத்து எழுதினேன். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஒரு சொல் மறக்கவில்லை.

'ஐயா, போன் செய்தால் எடுப்பதில்லை. சரக்கு வேண்டும்போது மட்டும் எங்கள் ஞாபகம் வரும் போலிருக்கிறது. பாரத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்வது வியாபாரிக்கு அழகல்ல. பத்து நாளில் சரியான பாரம் வராவிட்டால் உங்கள் கடை வாசலில் வந்து நின்று நாலு பேர் கேட்கக் கேட்பேன். மானம் இருந்தால் பதில் போடவும்.'

என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்தார். "இத கார்டுல எழுதாத. கவர்ல போடு. போறவன் வர்றவனெல்லாம் படிப்பான்."

"படிக்கட்டுமே. அதுக்குத்தான் கார்டு" என்றேன். இந்தத் தடவை அவர் கிழிப்பதற்கு முன்னால் நானே ஓடிப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் ஆயிற்று. பதில் இல்லை. வீட்டுக்காரருக்கு மலைச் சரக்கு இறங்கும் நேரம், அவரால் நகர முடியாது. செல்லாத பாரத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு நான் கிளம்பினேன். ராயக்கோட்டை வழியாக ஓசூர், அங்கிருந்து பெங்களூர் பஸ். வழி நெடுக, அவரைத் தமிழில் என்னென்ன கேட்க வேண்டும், பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் புரியும்படி கன்னடத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ஓசூர் செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. அதே புளியமரம்தான் இரண்டு பக்கமும்.

கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் ஊதுபத்திக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தெருவைக் காட்டி, இரண்டு திருப்பம் தாண்டி நீலக் கதவு என்றார்.

நீலக் கதவு திறந்தே இருந்தது. கூடத்துச் சுவரோரம் ஒரு ஸ்டூல் மேல் அவருடைய போட்டோ, அதற்கு முன்னால் விளக்கு. போட்டோவிலும் தலையில் ஒரு முடி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அது யார் என்பது எனக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து வந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். வெறும் நெற்றி. அவர் மனைவிதான். துமகூர்ப் பக்கத்துப் பெண், கன்னடம் மட்டும்தான் பேசுவார் என்று பெங்களூர்க்காரர் முன்பே சொல்லியிருந்தார். நான் யார் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பாலக்கோடு என்ற பேரைக் கேட்டதும் அந்தம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பன்னி, ஒளகெ பன்னி" என்று கன்னடத்தில் உள்ளே வரச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார வைத்தார். ஆடி மாதத்துக் கடைசியில், கடையில் உட்கார்ந்திருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். அதையெல்லாம் அந்தம்மா பலரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார். நான் டிரங்க் கால் போட்ட நாட்களைக் கணக்குப் பார்த்தேன். அந்த மணி, ஆளில்லாத கடையில் அடித்திருக்கிறது.

"இவ்வளவு தூரம் நீங்க நேர்லயும் வந்துட்டீங்க. அன்னைக்கே லெட்டரும் போட்டீங்க" என்றார் அந்தம்மா கன்னடத்தில்.

போட்டோவுக்கு முன்னால் ஐந்தாறு கடிதங்கள் அடுக்கியிருந்தன. துக்கம் விசாரித்து வந்தவை. அந்தம்மா அதில் மேலாக இருந்த ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். என்னுடைய கார்டு. ஓரத்தில் விபூதி ஒட்டியிருந்தது.

"எங்க வூட்டுல தமிழ் எழுத்து அவருக்கு ஒருத்தருக்குத்தான் தெரியும். பாலக்கோடு முத்திரையைப் பார்த்ததும், உங்களுக்கு எப்படியோ சேதி வந்துடுச்சு, அதான் எழுதியிருக்கீங்கன்னு எடுத்து வெச்சேன். யாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்றதுன்னு இருந்தேன். நீங்களே படிங்க. நானும் கேக்கறேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கார்டைக் கீழே வைத்துவிட்டு அழுதிருக்கலாம். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அந்தம்மா போட்டோவைப் பார்த்தபடி, கேட்பதற்கு உட்கார்ந்துவிட்டார். நான் கன்னடத்தில் சொல்லிப் படிக்க ஆரம்பித்தேன்.

கண் கார்டின் மேல் இருந்தது. வாய் வேறு ஒன்றைச் சொன்னது. 'ஐயா போன சேதி கேட்டு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை' என்றேன். 'சரக்கு வேண்டும்போது மட்டும்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, 'எங்கள் வீட்டுக்கு வந்து களி சாப்பிட்டதை மறக்க முடியாது' என்றேன். தூளை முகர்ந்து தும்மியதைச் சொன்னேன். மண்டையைக் காட்டிச் சிரித்ததைச் சொன்னேன். அந்தம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். 'வியாபாரிக்கு அழகல்ல' என்று எழுதியிருந்த வரிக்கு வந்தபோது, 'ஒரு மூட்டையைக்கூடத் திருப்பி அனுப்பாத மனுஷர்' என்றேன். 'மானம் இருந்தால்' என்பதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த கன்னடம் தீர்ந்துபோயிற்று. 'அவ்வளவுதான்' என்று கார்டைக் கொடுத்தேன். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதில் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தம்மா கார்டைக் கண்ணில் ஒற்றி, மறுபடியும் போட்டோவுக்கு முன்னால் வைத்தார். பிறகு, "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது. சோறும் சாறும் போட்டார், அழுது ஓய்ந்த முகத்தோடு எதிரில் உட்கார்ந்து பரிமாறினார். சாப்பிட்டேன்.

பாரத்தைக் கேட்காமல் எழுந்து வந்திருந்தால் இன்றைக்கு நான் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாக நினைத்துக்கொள்ளலாம். வாசல் வரை வந்தேன். பையைக் கையில் பார்த்து அந்தம்மாவே கேட்டார், பாரமெல்லாம் எழுதினவர் அல்லவா: "பாரம் ஏதாச்சும் பாக்கி இருக்குதா? இருந்தா சொல்லுங்க. அவர் யாருக்கும் பாக்கி வெச்சுட்டுப் போனாருன்னு பேர் வரக் கூடாது."

மிஷின் கண் முன்னால் வந்தது. அண்ணன் வீட்டு வாசல் வந்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து செல்லாத பாரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தம்மா அலமாரியிலிருந்து பாரக் கட்டை எடுத்தார். கணவர் வெளியூர் போகும்போது அவசரத்துக்கென்று மூன்று வெற்றுப் பாரங்களில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அதில் இரண்டை எடுத்து, மார்ச் வரைக்கும் ஒன்று, ஏப்ரல் லோடுக்கு ஒன்று என்று நான் சொல்ல, அந்தம்மா தரையில் உட்கார்ந்து பூர்த்தி செய்தார். அதே அழகான எழுத்து. பில் நம்பரை எழுதிக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"ஏப்ரல்னு கவனிக்காம நான்தான் ஒண்ணா எழுதிட்டேன். என் தப்பாலே உங்களுக்கு அலைச்சல். மன்னிச்சுக்குங்க" என்றார்.

நான் அனுப்பிய பட்டியல் அது என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பரவாயில்லைங்க என்றேன். ஆமாம், அந்தப் பெண்ணை மன்னித்துவிட்டு வந்தேன் நான்.

தருமபுரியில் அதிகாரி இரண்டு பாரத்தையும் புரட்டிப் பார்த்து, "இப்படி மொதல்லயே ஒழுங்கா வாங்கியிருந்தா உங்களுக்கு அலைச்சலே இல்ல" என்றார். கணக்கு முடிந்தது. மிஷின் தப்பியது. என் வீட்டுக்காரர் அந்த மனிதர் செத்துப்போனதைக் கேட்டு அன்றைக்கு அரவையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். "உன் கார்டு அங்க போயி சேர்ந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். "போய்ச் சேரலைங்க" என்றேன்.

சரியான கடிதம் ஒன்று எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். தமிழில் எழுதினால் அந்தம்மா படிப்பதற்கு ஆள் தேட வேண்டும். ஆள் வந்தால் அந்த ஆள் முதலில் போட்டோவுக்கு முன்னால் இருப்பதைத்தான் படிப்பார். கன்னடத்தில் எழுத எனக்குத் தெரியாது. வீட்டுக்காரரைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார். மூக்கின் மேல் வந்த கோபத்தை எழுத ஒரு கார்டும் ஐந்து நிமிஷமும் போதுமாக இருந்தது. இதை எழுத ஏழெட்டு மாதத்தில் ஒரு வரி வரவில்லை. பெங்களூரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம் என்ற நினைப்பு மட்டும் நாள் தவறாமல் வந்தது.

அடுத்த உகாதி முடிந்த வாரம் தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். பெங்களூர் முத்திரை, அந்தம்மாவின் அழகான எழுத்தில் விலாசம். பார்சல் கட்டுகிற மேஜையில் வைத்துப் பிரித்தேன். பாரம் வர வேண்டிய காரணம் இல்லை, கடை மூடியாகிவிட்டது. துக்க வருஷம் என்பதால் வேப்பம்பூவும் வெல்லமும் இல்லை. உள்ளே இருந்தது என் கார்டு. ஓரத்தில் அதே விபூதி. கவரை உதறிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். ஒரு வரி, ஒரு சொல் கூட எழுதவில்லை.

"என்ன வந்திருக்குது?" என்று மிஷின் பக்கத்திலிருந்து அவர் சத்தம் போட்டுக் கேட்டார்.

"பழைய பாரம் ஒண்ணுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மிஷினைப் போட்டார். தூள் பறந்து கண்ணெல்லாம் எரிந்தது. நான் ஏன் அழுகிறேன் என்று அன்றைக்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.